படகில் மூன்றாவது ஆள்

நைனா,

இந்தக் கடிதம் உனக்கு முன்னாடியே கொச்சி போய்ச் சேர்ந்திருக்கும். டாக்டர் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். நீயும் யசோதராவும் இலங்கையைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்க் கரையேறி, குளித்து, சூடாக ஒரு வாய் சோறு சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் பக்கத்தில் உங்கப்பா வந்து நிற்கிறார். நீ எங்கே இருக்கிறாய், காற்று எந்தப் பக்கம், யசோதராவுக்கு வாந்தி நின்றதா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அவர் இப்போது மீன் வாங்கக் காசிமேடு போயிருக்கிறார். போனால் பழைய லாஞ்சுக்காரர்களிடம் பேசிவிட்டுத்தான் வருவார். அவர் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

படகு கிளம்புவதற்கு முன்னால் நம் வீட்டில் நடந்ததில் உனக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அந்தத் துண்டை மட்டும் கிழித்துக் கொடுத்தால் உனக்குப் புரியாது. நான் பார்த்தபடி முதலிலிருந்து சொல்கிறேன்.

டாக்டர் தன் மகள் வீட்டோடு கொச்சிக்குப் போய்விட்டார், அவருடைய பாய்மரப் படகு இங்கேயே நின்றுபோய்விட்டது, அதைச் சரிபண்ணி ஓட்டிக்கொண்டு போய் அவரிடம் ஒப்படைத்து அங்கேயே உனக்கு வேலை என்று நீ வந்து சொன்னபோது கல்யாண மாலை இன்னும் சுவரில் காயாமல் தொங்கியது. யசோதரா வியாசர்பாடியிலேயே பிறந்து வளர்ந்த பெண், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் என்ன சொல்வாளோ என்று நான் பார்த்தேன். அவள் உனக்கு முன்னால் தயாராக இருந்தாள். உங்கப்பா மறுநாள் காலை உனக்கு முன்னால் ராயபுரம் பட்டறைக்குப் போய் அந்தப் படகின் மேல் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதங்களில் உன்னையும் உங்கப்பாவையும் சேர்த்துப் பார்த்தது எனக்கு நிறைவாக இருந்தது, நைனா. உங்கப்பா மீன்பிடி லாஞ்சு ஓட்டின காலத்தில் நீ தூங்கும்போது அவர் போவார், நீ பள்ளிக்கூடம் போனபின் வருவார். இத்தனை வருடம் கழித்து இரண்டு பேரும் படகின் பின்பக்கக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு, கால்கள் மட்டும் வெளியே தெரிய, மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே செயின் இழுக்கிறது, செயினில் இருந்து ஒயர் ரோப்பு இரண்டு பக்கமும் கப்பி மேல் ஓடி, சுக்கான் தலையில் இருக்கிற அரைவட்டத் தகட்டைத் திருப்புகிறது. பழைய லாஞ்சிலும் இதே ஏற்பாடுதான் என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். ஒரு கந்தல் துணியை ரோப்பு நெடுகத் தடவி, துணி எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி பிரிந்திருக்கிறது என்று அவர் காட்டியபோது நீ உடனே புது ரோப்பு வாங்கி வந்தாய். எத்தனை இழுவை வைக்க வேண்டும் என்பதை நீ அளந்து சொன்னாய், அவர் விரலால் அழுத்திப் பார்த்துச் சரி என்றார். என்னையும் சும்மா விடவில்லை. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கை என்று சொல்லி, சக்கரத்துக்குத் தோல் உறை தைக்க வைத்தாய். சுக்கான் நேராக இருக்கும்போது சக்கரத்தில் எந்த இடம் மேலே வருகிறதோ அந்த இடத்தில் கை தடவினால் தெரிகிற மாதிரி ஒரு தடித்த முடிச்சு போடச் சொன்னாய். அதைப் போட்டுவிட்டு நான் வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் அந்த ஆட்டோ பைலட் வந்தது. நீ அதைப் பற்றிச் சாப்பிடும்போது சொன்னாய். போகிறது இரண்டே பேர், ஒருத்தர் தூங்கினால் ஒருத்தர்தான் விழித்திருக்க முடியும், நாள் பூராவும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் சமைக்கவோ பாய் மாற்றவோ ஆள் கிடையாது, போக வேண்டிய திசையை இதில் வைத்துவிட்டால் அதுவே சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று. கடைசியில், "இதான்பா எங்களுக்கு மூணாவது ஆள்" என்றாய். நீ சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை. உங்கப்பா சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு, மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேனே என்றார். உன் தோள் தாங்காதுப்பா, இத்தனை வருஷம் கடலில் இருந்தது போதும், ரெஸ்ட் எடு என்றாய்.

நீ அக்கறையில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது என்னவென்றால், தோளில் அடிபட்டு அவர் திரும்ப வேலைக்குப் போன அன்றைக்கு லாஞ்சு ஓனரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அன்பாகத்தான் சொன்னாராம். டீ வாங்கிக் கொடுத்து, அண்ணே, ரெஸ்ட் எடு என்று சொல்லிவிட்டுச் சின்ன வயசு டிரைவர் ஒருத்தனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உங்கப்பா வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைத் துடைத்தார். ஒரு கையாலேயே துடைத்தார். அன்றைக்கு முழுக்க அவர் பேசினது அவ்வளவுதான்: இந்த ஃபேன்ல எவ்ளோ அழுக்கு பார்த்தியா என்று.

அதனால் நீ அந்தப் பெட்டியை மாட்டும்போது அவர் டார்ச் பிடித்ததோடு சரி. திசை காட்டுகிற சின்ன உருண்டைப் பெட்டியை நீ படகின் உள்ளறையில், துணி வைக்கிற அலமாரிக்குள் பலகையில் வைத்துத் திருகினாய். இதுக்குப் பக்கத்தில் இரும்பு எதுவும் வரக்கூடாது என்று நீ சொன்னதும் அவர் தலையாட்டினார். லாஞ்சில் காம்பஸ் பக்கத்தில் யாராவது கத்தியை வைத்தால்கூடச் சத்தம் போடுகிறவர்தானே.

முதல் தடவை பட்டறைப் பையன்களோடு நீ ஓட்டிப் பார்த்தபோது அது கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போனது என்று வந்து சொன்னாய். அந்த வாரம் முழுவதும் நானும் யசோதராவும் சாமான் ஏற்றினோம். அரிசி, புளி, பருப்புப்பொடி, கருவாடு, அப்புறம் நான் பழக்கி வைத்திருந்த இரும்பு தோசைக்கல். ஒட்டாத கல் ஒன்று இருக்கிறது அத்தை என்று அவள் சொன்னாள். அதில் தோசை தோசை மாதிரி வராது என்று நான்தான் பிடிவாதமாகத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவள் அதைச் சமையல் பக்கத்தில் மூடி போட்ட அடித் தட்டில் வைத்தாள்.

இரண்டாவது தடவை நம் நாலு பேருமே போனோம். கடலுக்கு எதிர்வீட்டில் வாழ்ந்து கடல் மேல் போகாதவள் நான். துறைமுகத்தைத் தாண்டியதும் பாயை விரித்து எஞ்சினை நிறுத்தினாய் பார், அந்த அமைதி எனக்குப் பயமாக இல்லை. வாடைக்காற்று வலது பக்கம் அடிக்க, படகு இடது பக்கம் சாய்ந்துகொண்டு வடக்கே போனது. திருவொற்றியூர் கரை, எண்ணூர், அதற்கு மேலே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எல்லாம் பொம்மை மாதிரி தெரிந்தன. சக்கரம் ஆள் இல்லாமல் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திரும்பிக்கொண்டே இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது காற்று இடது பக்கம் வந்தது, படகு மறுபக்கம் சாய்ந்தது, உள்ளே சாமான் உருளுகிற சத்தம் கேட்டது. நீயும் யசோதராவும் முன்னால் பாய்க் கயிற்றைச் சரிபண்ணிக்கொண்டிருந்தீர்கள். கரைக்கு வெளியே வரிசையாக நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களைத் தூரத்தில் விட்டுப் போக வேண்டிய படகு, ஒரு கப்பலைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தது.

முதலில் நான் கப்பல்தான் நகருகிறது என்று நினைத்தேன். அந்தக் கறுப்புச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் நங்கூரச் சங்கிலியில் தொங்கிய பாசிகூடத் தெரிந்தது. நீ ஓடிவந்து பெட்டியின் பொத்தானை அழுத்தி விடுவித்துச் சக்கரத்தைப் பிடித்தாய். உனக்கு முன்னாலேயே உங்கப்பாவின் கை அதில் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் திருப்பினீர்கள். சங்கிலிக்கும் நமக்கும் நடுவில் ஒரு சின்னத் தெரு அளவுதான் தண்ணீர் இருந்தது. யசோதரா என் தோளைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள். 

கரைக்கு வந்ததும் ஆரம்பித்தது சண்டை. ரோப்பை அப்பா அளவுக்கு மேலே இறுக்கிவிட்டார், அதனால்தான் மோட்டார் திணறியது என்று நீ சொன்னாய். "ரோப்பு ஒயுங்காதான் கீது. ஒன் பொட்டிக்குத்தான் கண்ணு தெரியல" என்றார் அவர். மறுபடியும் குழியைத் திறந்தீர்கள். சக்கரத்தைக் கட்டிவைத்துவிட்டு அவர் சுக்கானை ஆட்டிப் பார்த்தார், நீ கப்பி ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாய். ஒரு குறையும் இல்லை. பேட்டரியில் இருந்து வருகிற ஒயர் முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்ததைச் சுரண்டினாய். மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி மாட்டினாய். அந்தச் சின்னப் பெட்டியின் ஒயரைக்கூட அலமாரிப் பக்கமிருந்து இழுத்துப் பார்த்தாய். அடுத்த மூன்று நாளும் இரண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் என் மூலமாக ஸ்பானர் கேட்டீர்கள். கடைசியில் கண்ட்ரோல் பெட்டியே கெட்டுவிட்டது, புதிது வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், அது வருவதற்குள் காற்று மாறிவிடும் என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்தாய். அன்றைக்குத்தான் யசோதரா கேட்டாள்: "முதல் தபா ஒயுங்கா போச்சு, ரெண்டாவது தபா போகல. நடுவுல இன்னா மாறுச்சு?" நீ எரிச்சலில் ஒன்றும் மாறவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். போகும்போது, சரி, அப்பா வரட்டும், மூன்று பேராக மாற்றி மாற்றிக் கையால் ஓட்டிப் போகிறோம் என்றாய்.

அப்போது நீ அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், நைனா. இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது. தைலம் வாங்கி வந்தார், அலமாரியில் இருந்து பழைய பையை எடுத்து வெயிலில் போட்டார்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. மறுநாள் சக்கரத்து உறையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது, அதைப் போட நானும் அவரும் படகுக்குப் போனோம். நீ சாமான் வாங்க மாதவரம் போயிருந்தாய். நான் மேலே சக்கரத்திடம் இருந்தேன். அவர் கீழே கை துடைக்கத் துணி தேடிச் சமையல் பக்கத்து அடித் தட்டைத் திறந்தார்.  பிறகு பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, மேலே இருக்கிற காட்டியில் திசைக்கு என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார். நாற்பது என்றேன்.

"இப்ப?"

"முப்பது. இரு, இருபதுக்கு வந்துட்டுது."

"இப்ப பாரு."

"மறுபடியும் நாப்பது. இன்னா பண்றே நீ?"

படகு மேடையோடு கட்டிக் கிடந்தது. கொஞ்சம்கூட அசையவில்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து என் தோசைக்கல்லைக் கையில் வைத்திருந்தார். அன்றைக்குப் படகு மறுபக்கம் சாய்ந்தபோது அது வழுக்கிப் போய்ப் பலகையை ஒட்டி நின்றிருக்கிறது. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் நீ திருகின திசைப்பெட்டி. நீ அலமாரியைத் திறந்து பார்த்தாயே தவிர, பலகைக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க உனக்குத் தோன்றவில்லை. கல்லைக் கிட்டே கொண்டுபோனால் நம்பர் ஓடுகிறது, தள்ளி எடுத்தால் சரியாக நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இத்த எடுத்துட்டா அவங்களுக்கு ஆளு தேவையில்ல" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. கல்லைத் திரும்பத் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே பலகையை ஒட்டி வைத்து, தட்டை மூடினார். நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் ஒரு எண்ணம் ஓடியது. அவர் கூட இருந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் துணை, அவரும் ஒரு தடவை கடலைப் பார்த்த மாதிரி இருக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்று. ஷேர் ஆட்டோவில் வரும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் நீயும் யசோதராவும் வீட்டுக்கு வந்தீர்கள். அவள் கையில் இஞ்ச் டேப் இருந்தது. படகு சாயும்போது தூங்குகிறவர் உருண்டு விழாமல் இருக்கப் படுக்கையோரம் கட்டுகிற தடுப்புத் துணி, அதை உங்கள் இரண்டு பேருக்கும் நான் ஏற்கனவே தைத்துக் கொடுத்திருந்தேன். மாமாவுக்கும் ஒன்று தைக்க வேண்டும் அத்தை என்று அளவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். முன்பக்கப் படுக்கை ஆட்டம் அதிகம், மாமா தோளுக்கு ஆகாது, அவர் நடுவில் படுக்கட்டும், நான் முன்னால் போய்விடுகிறேன் என்று அவள்தான் ஏற்பாடு பண்ணினாள். காரம் எவ்வளவு போட வேண்டும், மாத்திரை எந்த நேரம் என்றெல்லாம் அவரிடமே கேட்டாள். நான் துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டேன். கத்தரிக்கோலை எடுத்தேன்.

"துணிய வெட்டாத" என்றார் உங்கப்பா. நாம் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். "யசோ, அந்தப் பொட்டி நல்லாதான் கீது. தோசைக்கல்லு பலகைக்கு இந்தாண்ட ஒட்டிக்கினு கீது பாரு, அதான் அத்த பேஜார் பண்ணுது. எடுத்து வூட்டுக்குக் கொண்டாந்துடு."

நீ ஒரு நொடி நின்றாய், அப்புறம் சிரித்தாய், அவர் முதுகில் தட்டிவிட்டுப் பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாய். உன் மேல் தப்பே இல்லை. மூன்று நாள் பாரம் இறங்கினவன் வேறு என்ன செய்வான். யசோதரா மட்டும் போகவில்லை. விரித்த துணியை மடித்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். 

மூன்றாவது தடவை ஓட்டிப் பார்க்கப் போனபோது அவரும் வந்தாரே, நினைவிருக்கிறதா. கல் இல்லாமல் படகு போக வர இரண்டு பக்கமும் நேராகப் போனது. அவர் பின்னால் பலகையில் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, தானாகத் திரும்புகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணூர் தாண்டியதும், "நல்லாதான் ஓட்டுது" என்றார். நீங்கள் கிளம்பின காலையில் உன்னைவிட அதிக நேரம் அந்தக் குழிக்குள் இருந்தது அவர்தான். வெயிலில் போட்ட பையை மடித்து உள்ளே வைத்ததும் அவரேதான்.

இதை எழுதி உன்னை வருத்தப்பட வைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. உங்கப்பா மடியில் வைத்திருந்தது எவ்வளவு கனம் என்பது அவர் பெற்ற பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது, அதை அவரே எடுத்துக் கீழே வைத்தார்.

உன் குடித்தனத்துக்கும் ஒன்று சொல்கிறேன். ஏதாவது கெட்டுப்போனால் யார் கெடுத்தது என்று முதலில் தேடாதே. நீயும் அப்பாவும் மூன்று நாள் அதைத்தான் தேடினீர்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அதற்கப்புறம் என்ன மாறியது என்று யசோதரா கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டபிறகுதான் உங்கப்பா அந்தத் தட்டை மூடாமல் நின்று பார்த்திருக்கிறார், அவரே என்னிடம் சொன்னார். அவள் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டுப் போ.

அப்பா எழுதச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உனக்குக் கடிதம் போடப்போகிறேன் என்று மட்டும் அவருக்குத் தெரியும். புது ரோப்பு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் நீளும், அதனால் கொச்சி போனதும் சக்கரம் சும்மா ஆடுகிறதா பார்த்து இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்க வேண்டுமாம். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் என் முடிச்சு நடுவில் நிற்காது. கப்பி ஆணிக்கு உப்பு கழுவிவிட்டு எண்ணெய் விடு. ரோப்பு அறுந்தால் சுக்கான் தலையில் மாட்டுகிற கைப்பிடிக் குழாயை அடியில் போட்டுப் புதைத்துவிடாதே, யசோதராவும் ஒரு தடவை அதை மாட்டிக் கழற்றிப் பழக வேண்டும். வாரம் ஒரு நாள் ஆட்டோ பைலட்டை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்டு, சுக்கானில் ஏதாவது உரசினால் கைக்குத்தான் முதலில் தெரியும் என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் கை காற்றில் சக்கரம் பிடித்திருந்தது.

மழைக்காலம் கழிந்ததும் டாக்டர் கோவா வரைக்கும் போக வேண்டும் என்கிறாராமே. அப்போது உங்கப்பாவைக் கூப்பிடு. தோளைப் பற்றிப் பேசாதே. ஆட்டோ பைலட் ரிப்பேர் என்று பொய் சொல்லியும் கூப்பிடாதே, வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடு. முதல் தடவை வேணாம் என்பார். அங்கே நான் இன்னாத்துக்குடா என்பார். உடனே போனை வைத்துவிடாதே, நைனா. இன்னொரு தடவை கேள்.

அம்மா